கோக்குமின் கோப்பைத் திறவுங்கள்: ஒரு மருந்து நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நீங்கள் மூடிவிட்ட ஒரு நோயாளியின் கோப்பைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. ரொறன்ரோவில் உங்கள் நோயாளர் உதவித் திட்டத்தில் தமிழர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வாசித்து மேலே கொண்டுபோவார் என்ற நம்பிக்கையில் இப்போது தமிழில் எழுதுகிறேன்.

பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்ரெம்பர் 30 அன்று உங்கள் ஊழியர்கள் செம்மஞ்சள் சட்டை அணிந்து நின்ற படத்தை வெளியிட்டீர்கள். அந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 92ஆவது அழைப்பை ஏற்றுக்கொள்வதாக அதன் கீழே எழுதியிருந்தீர்கள். அதே வாரம் எங்கள் பாமசிக்கு உங்களிடமிருந்து ஒரு தொலைநகல் வந்தது. மூன்று முறை அழைத்தும் நோயாளி கிடைக்காததால் அவருடைய கோப்பு மூடப்படுகிறது என்று அதில் இருந்தது.

அந்த நோயாளியை ஊரில் எல்லோரும் கோக்கும் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய பூர்வகுடி மொழியில் அம்மம்மா என்று அர்த்தம். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வடமேற்கு ஒன்ராறியோவில் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஊர் அது. பனி இறுகிய சில வாரங்கள் மட்டும் ஏரிகளின் மேல் குளிர்காலப் பாதை திறக்கும். அவருக்கு முடக்குவாதம். உங்கள் ஊசி மருந்தை அவருக்குத் தர அரசின் காப்புறுதி அனுமதித்திருக்கிறது. காசு இங்கே பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த மருந்தை எங்களைப் போன்ற பாமசிகள் வாங்கி வைக்க முடியாது, உங்கள் திட்டத்தில் கோப்பு இருந்தால்தான் நீங்கள் அனுப்புவீர்கள்.

அந்த மூன்று அழைப்புகளும் எப்படிப் போயின என்று அவருடைய பேரனிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். முதல் அழைப்பு வந்தபோது கோக்கும் கண் பரிசோதனைக்காகத் தண்டர் பே நகரில் இருந்தார். இரண்டாவது வந்தபோது பேரன் மூஸ் மான் வேட்டைக்குப் போயிருந்தார். நீங்கள் வைத்திருக்கும் எண் பேரனுடையதுதான், கோக்குமிடம் தொலைபேசி கிடையாது. மூன்றாவது அழைப்பைக் கோக்குமே எடுத்தார். மறுபக்கத்தில் ஒருவர் வேகமாக ஆங்கிலத்தில் பிறந்த திகதியையும் முகவரியையும் கேட்டிருக்கிறார். கோக்கும் பேசுவது ஒஜி-கிறீ என்ற பூர்வகுடி மொழி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். உங்கள் பதிவில் அதுவும் "தொடர்பு கிடைக்கவில்லை" என்றே இருக்கிறது.

ஏழு வாரம் அவருக்கு ஊசி இல்லை. கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டுமென்றால் மூட்டு நோய் நிபுணர் புதிதாகக் கையெழுத்திட வேண்டுமாம். அந்த நிபுணரைப் பார்க்க விமானம் ஏற வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான்காவது வாரம் தாதி நிலையத்திலிருந்து வீடியோவில் பேசினோம். கோக்கும் கையை மட்டும் திரைக்கு முன் பிடித்துக் காட்டினார். விரல் முட்டிகள் வீங்கி, கையை மூட முடியவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு மொக்கசின் என்ற தோல் காலணி தைத்து மணி கோக்கிற கை அது. கடைசிச் சோடியில் ஒரு காலுக்குப் பூ வைத்து முடித்திருக்கிறார், மற்றக் காலுக்கு வெறும் தோல்தான் இருக்கிறது. காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது என்று தாதி சொன்னார்.

இன்னொன்று, உங்கள் படிவத்தில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் கட்டாயம். அந்த ஊரில் பல வீடுகளுக்கு இரண்டுமே கிடையாது. தாதி நிலையத்தின் முகவரியைப் போட்டால் "வீட்டு முகவரி அல்ல" என்று படிவம் திரும்பி வருகிறது. 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய மருந்து அது. அங்கே நம்பிக் கொடுக்கக்கூடிய குளிர்சாதனப் பெட்டி தாதி நிலையத்தில்தான் இருக்கிறது. மருந்து பாதையில் நின்றுபோவது எப்படியென்று எனக்குத் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் அப்பாவின் இன்சுலினை அம்மா ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்துக் காத்தார். அடுத்த போத்தல் வருமா என்று ஒவ்வொரு மாதமும் பயந்தோம்.

தெரியாத எண்ணிலிருந்து உடம்பைப் பற்றி விசாரிக்கிற ஆங்கிலக் குரலைக் கோக்கும் நம்பாததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் வதிவிடப் பள்ளியில் வளர்ந்தவர். 1948 முதல் 1952 வரை அப்படிப்பட்ட ஆறு பள்ளிகளில் பசியோடிருந்த சுமார் ஆயிரம் பிள்ளைகளைச் சத்துணவு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பள்ளியில் பிள்ளைகளின் பால் அளவைத் தேவையில் பாதிக்கும் கீழே இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். 92ஆவது அழைப்பு வணிக நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டது. நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் இந்த வரலாற்றைக் கற்பிக்கச் சொல்கிறது. கற்ற ஒருவர் அந்த மூன்றாவது அழைப்பைச் செய்திருந்தால், மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு முறை கூப்பிட்டிருப்பார்.

கோப்பைத் திறவுங்கள். இனி மூன்று அழைப்பை வைத்து யாருடைய கோப்பையும் மூடாதீர்கள். நான் கேட்பது இதைத்தான்.

"முகவரி விதி விநியோக நிறுவனத்துடையது, மொழிபெயர்ப்பு அரசின் பொறுப்பு" என்று உங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னார். இந்த நாட்டில் இப்படிச் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் அன்டர்சன் என்ற குழந்தை 1999இல் பிறந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகும், வீட்டில் பராமரிக்கும் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு வருடத்துக்கு மேல் வாதாடின. 2005இல் ஐந்து வயதில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தான். முதலில் பிள்ளையைக் கவனியுங்கள், யார் கட்டுவது என்பதை அப்புறம் பேசுங்கள் என்ற விதி அவன் பெயரில்தான் இருக்கிறது.

கோபத்தை அடக்கித்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலி மாத்திரைகள் இந்த வட ஊர்களுக்குள் வந்தபோது தெருப் பெயர் இல்லாதது எந்தத் தடையும் போடவில்லை. 2009இல், வட ஒன்ராறியோவின் பூர்வகுடிச் சமூகங்களின் கூட்டமைப்பான நிஷ்னாபே அஸ்கி தேசத்தின் தலைவர்கள் அந்த மாத்திரைகளால் வந்த அழிவுக்காக அவசரநிலையே அறிவித்தார்கள். அடிமையாக்கும் மருந்து போய்ச் சேர்ந்த ஊருக்குக் கையை மூடித் திறக்க உதவும் மருந்து போக முடியாது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? நெஸ்கான்டாகா என்ற வட ஊரில் 1995 முதல் ஒரு தலைமுறையே தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அறிவித்தலின் கீழ் வளர்ந்தது. அதை நீங்கள் தீர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு படிவமும் ஒரு விதியும்தான்.

சரி, தயவாகக் கேட்கிறேன். கோக்குமின் கோப்பைப் பழைய கையெழுத்தோடே திறவுங்கள். தாதி நிலையத்தின் முகவரியை ஏற்றுக்கொள்ளுங்கள். அழைக்கும்போது ஒஜி-கிறீ பேசும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி கிடைக்காவிட்டால் தாதி நிலையத்தைக் கூப்பிடுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். விதியைத் திருத்தும்போது அந்த ஊர்களின் சுகாதாரப் பணிப்பாளர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்லும் வழி நான் சொல்வதைவிடச் சரியாக இருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பெட்டிகள் விமானத்தில் ஏறுகின்றன. வியாழன் மாலைக்குள் மருந்து எங்களிடம் வந்தால் வெள்ளி மத்தியானம் தாதி அதை அவருக்கு ஏற்றிவிடுவார்.

இப்படிக்கு,
வடமேற்கு ஒன்ராறியோவில் ஒரு மருந்தாளர்