பொட்டாசியம் உப்பு எல்லோருக்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் உப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோடியத்தைக் குறைக்கச் சொன்னது சரி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் சோடியம் கெடுதல், பொட்டாசியம் நல்லது, அதனால் வீட்டில் எல்லோரும் பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறிவிடலாம் என்று முடித்திருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பதறிப்போனேன். சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அண்ணனுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. இதே மாதிரி எங்கோ படித்துவிட்டு, ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று நம்பி அந்த உப்பை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.3 என்று வந்தது, 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. கால் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் அதை இறக்கினார்கள்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கும் சோடியத்தில் மிளகளவு வெட்டித் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், பொட்டாசியம் என்றால் போட்டவுடனே ஊதா நிறத்தில் தீப்பிடித்துவிடும். இரண்டையும் 1807-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தை வைத்து, சில நாள் இடைவெளியில் பிரித்தெடுத்தார். இரண்டுக்கும் வெளிவட்டத்தில் ஒரே ஒரு எலெக்ட்ரான்தான், அதை இழந்து அயனியாகிவிட்டால் அந்தச் சீற்றம் எல்லாம் அடங்கிவிடும். உப்பிலும் நம் உடம்பிலும் இருப்பது அந்த அடங்கிய அயனிதான். வேதியியலில் அவ்வளவு நெருங்கிய இந்த உடன்பிறப்புகளை நம் செல் ஒருபோதும் ஒன்றாக நடத்துவதில்லை. செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், உள்ளே 15-க்கும் கீழே. பொட்டாசியம் அப்படியே தலைகீழ், உள்ளே 140, வெளியே வெறும் 4. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்காது, செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. நண்டின் கால் நரம்பை வைத்து 1957-இல் இதைக் கண்டுபிடித்த யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் இன்னொன்று, மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும். சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே தனி வாசல்கள் உண்டு. சோடியம் அயனி அளவில் அதைவிடச் சிறியது, ஆனாலும் அந்த வாசலில் நுழைய முடியாது. காரணம், இரண்டும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரிகின்றன, உள்ளே போக அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். வாசலின் சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் தண்ணீரின் இடத்தில் நின்று பொட்டாசியத்தை அளவெடுத்த மாதிரி தாங்கிக்கொள்ளும். சோடியம் சிறியது என்பதால் அந்தப் பிடி அதற்குக் கிடைக்காது, போர்வையையும் விடாது, வெளியிலேயே நின்றுவிடும்.

சரி, என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தில் சோடியம் 140-லிருந்து 142 ஆனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே 2, பொட்டாசியத்தில் கூடினால் 4 என்பது 6 ஆகிவிடுகிறது, ஒன்றரை மடங்கு! நரம்பும் இதயத் தசையும் ஓய்வில் வைத்திருக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் உள்ளே வெளியே உள்ள பொட்டாசியத்தின் விகிதத்தைப் பொறுத்தது. வெளியே கூடக்கூட அந்த மின்னழுத்தம் குறைந்து, இதயத் துடிப்பின் தாளம் தவறும், நின்றும் போகலாம். சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம்தான், அது பழுதானால் எங்கே போகும்? எனலாப்ரில், லோசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கக்கூடியவை. ரத்தக் கொதிப்புக்காக உப்பை மாற்ற நினைப்பவர்களில் பலர் இவற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

2025-இல் உலக சுகாதார நிறுவனம் சோடியம் குறைந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதே, இது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. உங்கள் கட்டுரையில் பரிந்துரை மட்டும் வந்து, இந்த விலக்கு விடுபட்டுப்போனது.

தயவுசெய்து அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதை வெளியிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்களும் நான் சொன்ன மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் உப்பை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டு, பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே உப்பை மாற்றியவர்களும் இருப்பார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரமே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை