ஈட்டுக் காணிக்குக் கால அவகாசம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, வங்கிக் கடன் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. காணி உறுதியை ஈடு வைத்துத் தொழில் தொடங்கிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது பேரிடி. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். இந்தப் பராட்டே அதிகாரத்தை அரசு 2024இல் தற்காலிகமாக நிறுத்தியது நல்லதே. ஆனால் ஏலத்தைத் தள்ளிப்போட்டால் கடன் குறையாது, வட்டிதான் ஏறும்.

1933இல் அமெரிக்க அரசு தனியான நிறுவனம் அமைத்து, தவணை தவறிய வீட்டுக் கடன்களை வங்கிகளிடம் வாங்கி, சுமார் பத்து இலட்சம் குடும்பங்களுக்கு நீண்டகாலக் கடனாக மாற்றிக் கொடுத்தது. தாய்வழிச் சீதனமாக வந்த வளவுகள் இங்கே ஏலத்துக்குப் போகின்றன. குடியிருக்கும் வீட்டுக்காவது இத்தகைய ஏற்பாட்டைப் பாராளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.

வாசகர்,
சுன்னாகம்.