காலியாகக் கிடக்கும் அலைக்கற்றை

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு என் ஆசியைச் சொல். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. எழுதலாம் என்று மருத்துவர் சொன்னதும் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அலைக்கற்றை ஏலத்தைப் பற்றி, அதாவது செல்பேசிச் சிக்னல் செல்லும் அலைவரிசைகளை அரசு நிறுவனங்களுக்கு ஏலம் விடுவதைப் பற்றி, கோபமாகக் கேட்டிருந்தாய். அரசுக்குக் கட்டும் கோடிகளை எல்லாம் நிறுவனங்கள் கடைசியில் நம் தலையில்தானே கட்டுகின்றன, இதற்கு ஏலம் எதற்கு என்கிறாய். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஏலத்தில் கட்டிய பணம் திரும்பி வராது. அடுத்த மாதக் கட்டணத்தை முடிவு செய்யும்போது நிறுவனம் இரண்டைத்தான் பார்க்கிறது: போட்டியாளர் என்ன கேட்கிறார், எவ்வளவு ஏற்றினால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவார். அலைக்கற்றையைச் சும்மா கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ அதே கட்டணத்தைத்தான் நம்மிடம் வாங்கியிருக்கும். மிச்சமான பணம் பங்குதாரர்களிடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அப்படியே நடந்தது. அங்கே முதலில் விசாரணை வைத்து, யார் தகுதியானவர் என்று அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கறிஞர்களுக்கு வருமானம், விண்ணப்பித்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. அலுத்துப்போய் 1980களில் செல்பேசி உரிமங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். தொலைத்தொடர்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் விண்ணப்பங்களைக் குவித்தார்கள். 1989இல் கேப் காட் பகுதிக்கான உரிமம் பல் மருத்துவர்கள் சிலருக்கு விழுந்தது. அவர்கள் ஒரு கோபுரம்கூட எழுப்பாமல் அதை ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு 4.1 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். பொதுச்சொத்தின் விலை எப்படியும் வெளியே வந்துவிடும். அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959இலேயே ஏலம் விடுங்கள் என்று எழுதினார். இதென்ன, வேடிக்கைக்காகச் சொல்கிறீர்களா என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் அவரிடம் கேட்டார்கள். முதல் ஏலம் நடக்க 1994 வரை ஆயிற்று. அதன் விதிமுறைகளை வகுத்ததில் முக்கியப் பங்கு வகித்த பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலோ 2001இன் விலையை வைத்துக்கொண்டு 2008இல் முதலில் வந்தவருக்கு முதலில் என்று உரிமம் கொடுத்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது.

ஆனாலும் உன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அரசு வருமானத்தை மட்டுமே குறியாக வைத்தால் ஏலமே கெட்டுப்போகும். எல்லா அலைக்கற்றையையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் பார், ஏலத்தொகை எங்கேயோ போய்விடும். ஏனென்றால் அந்த நிறுவனம் பிறகு நம்மிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டணத்தை உயர்த்துவது ஏலத்தொகை அல்ல, போட்டி இல்லாமைதான். கடன் சுமையில் ஒரு நிறுவனம் களத்தைவிட்டே விலகினால், அந்த வழியாகவும் அதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

என்னை உண்மையில் வருத்துவது அடிப்படை விலை, அதாவது இதற்குக் குறைந்து விற்கமாட்டோம் என்று ஏலத்துக்கு முன்பே அரசு வைக்கும் விலை. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெடுந்தூரம் செல்லும், சுவர்களை எளிதாகக் கடக்கும், குறைந்த கோபுரங்களே போதும். கிராமங்களுக்கு இதைவிட ஏற்றது அரிது. 2016இல் நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் யாரும் வரவில்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ வாங்கியது. நிலக்கரியை இன்று வெட்டாவிட்டால் நாளைக்கு இருக்கும். அலைக்கற்றை அப்படியல்ல, புறப்பட்டுப் போய்விட்ட பஸ்ஸின் காலி இருக்கையைப் பிறகு யாருக்கும் விற்க முடியாது. விற்காமல் வைத்திருந்த அந்த ஆண்டுகளில் எத்தனை ஊர்கள் சிக்னல் இல்லாமல் இருந்திருக்கும்! விற்காததால் வந்த இந்த நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது, அதனால் யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. குறைந்த விலைக்கு விற்ற அதிகாரியைத்தான் கேள்வி கேட்பார்கள். அவர்கள் விலையை உயர்த்தியே வைப்பதற்கு இந்தப் பயம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஏலம் விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 1985இல் அமெரிக்கா 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைப் பட்டைகளை, குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வைஃபை அங்கேதான் வளர்ந்தது. அதை அன்றே ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் வைஃபை வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இப்போது செயற்கைக்கோள் இணையத்துக்கும் இதே சர்ச்சை எழுந்திருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்கவே வழி செய்திருக்கிறது. ஒரே அலைவரிசையைப் பல செயற்கைக்கோள் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதால் எனக்கு இது சரியென்றே படுகிறது. கோபுரம் கட்டி, ஏலப்பணமும் கட்டிய செல்பேசி நிறுவனங்கள், அதே வாடிக்கையாளருக்காக இவர்களோடு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இதில் நீ யார் பக்கம்? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

அன்புடன்,
சிவராமன்