ஜாக்கி-10-9-8 பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. இன்னும் சில வாரம் படியேறக் கூடாதாம். உட்கார்ந்தே இருப்பதால், நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த கேள்வியை ஒரு நோட்டில் முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒமஹா போக்கரில் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) அடிக்க ராஜா-ராணி-ஜாக்கி-10 நல்ல கையா, ஜாக்கி-10-9-8 நல்ல கையா? ஜாக்கி-10-9-8தான் என்பது உன் கட்சி.

எண்ணிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் நான்கில் சரியாக இரண்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும் ஐந்தில் மூன்று என்பதுதானே விதி? நான்கை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சேர்க்கை வரும். ஒவ்வொரு சேர்க்கையும் நடுவில் எந்த மூன்று விழுந்தால் ஸ்ட்ரெயிட் ஆகும் என்று எழுதினேன். ஜாக்கி-10க்கு நான்கு வழி: 7-8-9, 8-9-ராணி, 9-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் மூன்று வழி, இரண்டு விட்டுப்போனால் இரண்டு. ராஜா, ஏஸ் பக்கம் போகப் போக அதுவும் குறையும், மேலே இடம் இல்லையே.

இப்படிக் கூட்டினால் ஜாக்கி-10-9-8க்கு 20 வழி. ராஜா-ராணி-ஜாக்கி-10க்கு 16தான். நீ சொன்னது சரி என்று அங்கேயே எழுதி முடித்திருப்பேன். ஆனால் அடுத்த நாள் அதே பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் நட்ஸா, அதாவது அதைவிடப் பெரிய ஸ்ட்ரெயிட் வேறு யாருக்கும் வர முடியாதா என்று பார்த்தேன். ஜாக்கி-10-9-8இன் 20இல் 15 நட்ஸ். ராஜா-ராணி-ஜாக்கி-10இன் 16இல் 16ம் நட்ஸ்! ஒன்றுகூடத் தோற்கும் ஸ்ட்ரெயிட் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது, இரண்டு தடவை சரிபார்த்தேன். இதற்கு நேர் எதிர் 5-4-3-2. அதற்கும் 16 வழி, ஆனால் நட்ஸ் 10 மட்டுமே. 4-5-6 விழுந்து உன் 3-2 ஸ்ட்ரெயிட் ஆகும்போது, 8-7 வைத்திருப்பவன் அமைதியாகக் காத்திருப்பான். (சின்னக் கைக்கும் பங்கு தரும் ஹை-லோ ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே சின்னச் சீட்டுக்கு வேறு மதிப்பு.)

ஃபிளாப், அதாவது நடுவில் முதல் மூன்று சீட்டு, விழுந்த பிறகும் இதே கதைதான். ஜாக்கி-10-9-8 உன் கையில். ஃபிளாப் 7-6-2, மூன்றும் வேறு வேறு இனம் (ஹார்ட், ஸ்பேட் போல). 10, 9, 8 மும்மூன்று, 5 நான்கு, ஆக 13 சீட்டு உதவும். பதிமூன்றும் நட்ஸ். அதே கைக்கு ஃபிளாப் ராஜா-ராணி-2 என்று வரட்டும். அங்கேயும் 13 சீட்டு: ஏஸ் நான்கு, ஜாக்கி, 10, 9 மும்மூன்று. ஆனால் ஜாக்கி விழுந்தால் ஏஸ்-10 வைத்திருப்பவன் ஜெயிப்பான், 10 விழுந்தால் ஏஸ்-ஜாக்கி. நட்ஸ் ஆவது 7 மட்டும். இரண்டு இடத்திலும் ரிவருக்குள் (நடுவில் கடைசிச் சீட்டு விழுவதற்குள்) ஸ்ட்ரெயிட் வரும் வாய்ப்பு ஒன்றுதான், ஏறத்தாழ பாதி. பானையில் (பந்தயப் பணம் சேரும் இடத்தில்) எவ்வளவு போடலாம் என்பது மட்டும் முற்றிலும் வேறு. பானையில் இருக்கும் அளவு வரை கட்டலாம் என்ற பாட்-லிமிட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தயம் பெருகும் என்பதால், இரண்டாவது பெரிய ஸ்ட்ரெயிட்டைப் போல நஷ்டம் தருவது வேறில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், உனக்குப் பிடித்த ஜாக்கி-10-7-6. அன்று 9-8-2 ஃபிளாப்பில் உனக்கு விழுந்த பெரிய ராப்பை (பல சீட்டுகளில் எது விழுந்தாலும் ஸ்ட்ரெயிட் ஆகும் நிலையை) நீ மறக்கவே மாட்டாய், தெரியும். நியாயம்தான், அதில் 20 சீட்டு உதவும், ரிவருக்குள் அமையும் வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த 20இல் ஜாக்கியும் 10ம் போக மீதி 14 நட்ஸ். ஒமஹாவில் இதைவிடப் பெரிய ராப் கிடையாது. ஆனால் அந்தக் கை 9-8 சேர்ந்து விழுவதற்காகவே காத்திருக்கிறது. மொத்தமாக எண்ணினால் வழி 12தான், நட்ஸ் 8. ஒரு நல்ல ஃபிளாப்பை வைத்து அந்தக் கையை எடை போடாதே என்று உரிமையோடு சொல்கிறேன்.

ஒட்டாத சீட்டு பற்றியும் நீ கேட்டிருந்தாய். ஜாக்கி-10-9உடன் 8க்குப் பதில் ஒரு 2 வந்தால் 20 வழி 11 ஆகிவிடும். ஆறு சேர்க்கையில் மூன்று செத்துப்போகின்றன. ஒரே சீட்டு, கிட்டத்தட்ட பாதிக் கை காலி. மூன்று அழகான சீட்டைப் பார்த்துவிட்டு நாலாவதைக் கவனிக்காமல் உள்ளே வந்து நான் எத்தனை தடவை விட்டிருக்கிறேன்!

என் கணக்கில் ஒரு குறை உண்டு. 20 வழியும் ஒரே அளவில் விழாது. நம் கையிலேயே 9 இருந்தால் நடுவில் 9 வருவது குறையும். ஃபிளஷ்ஷையும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஜோடி விழுவதையும் நான் சேர்க்கவில்லை. ஆனாலும் கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. ஜாக்கி-10-9-7, ஜாக்கி-9-8-7 இரண்டுக்கும் 17 வழி வந்தது. இடைவெளி கீழே இருக்கும் முதல் கையில் நட்ஸ் 12, மேலே இருக்கும் இரண்டாவதில் 11. வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நீயும் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுது. எங்காவது தவறவிட்டிருந்தால் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்