எங்கள் ரத்தத்தின் முடிவை எங்களிடமும் சொல்லுங்கள்

டெல்டா கிராமங்களுக்கு ஆய்வுக்கு வரும் மருத்துவ ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு ஒப்புதல் வழங்கும் நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தலைஞாயிறு வட்டாரத்தில், கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு உங்களை வீடு வீடாகக் கூட்டிப்போகும் பெண்களில் நானும் ஒருத்தி. உங்கள் அறிக்கைகளில் எங்களைச் 'சமூக இணைப்பாளர்' என்று எழுதுகிறீர்கள். ஊரில் எனக்குப் பெயர் 'சர்வே அக்கா'.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், இந்த வேலைக்கு வந்தேன். நாகப்பட்டினம் கடற்கரையில் அப்போது கணக்கெடுக்க வராத ஆளில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் ஒரே கேள்விகளை மூன்று குழுக்கள் வந்து கேட்டன. மூன்றாவது முறை அவர் உங்கள் ஆட்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயும் ஏன்டி இவங்க கூட வர்ற?" என்றார். இருபது வருடமாகியும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரக நோயை ஆராய ஒரு குழு வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் கொண்டுவந்தது நல்ல கேள்வி. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, ஆனாலும் வெயிலில் வேலை செய்யும் விவசாயக் கூலிகளுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது? இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானத்திலும் பல வருடங்களாக இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார்கள். நான் தெருவில் போய் விளக்கினேன். 62 பேர் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தார்கள்.

அதில் என் சின்னம்மாவும் ஒருவர். ஊசி என்றால் பயம் அவருக்கு. கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். "முடிவு எப்போடி வரும்?" என்று கேட்டார். "வந்துரும் சின்னம்மா" என்றேன். இரண்டு மாதம் கழித்துப் போன் போட்டால் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து, ஆய்வுக் கட்டுரை வெளியாகட்டும் என்றார்கள். அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

ஒன்றரை வருடத்தில் சின்னம்மாவுக்குக் காலும் முகமும் வீங்கின. ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினைன் அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணதே இல்லையாம்மா?" சின்னம்மா பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். இப்போது வாரம் இரண்டு முறை பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் உதிரியாக வாங்கி வருடக்கணக்காக முழுங்கிய வலி மாத்திரையையாவது நிறுத்தியிருப்பார். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது.

நீங்கள் ஊரைவிட்டுப் போய்விடலாம், நாங்கள் போக முடியாது. நீங்கள் கொடுக்காத பதிலுக்குக் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் நிற்பது நாங்கள்தான். டெல்டாவில் பாசன வாய்க்காலும் உண்டு, வடிகாலும் உண்டு. தண்ணீர் வர ஒன்று, போக ஒன்று. ஆய்வு விஷயத்தில் எங்கள் ஊருக்கு வடிகாலை மட்டும்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

அந்தச் சிறுநீரக ஆய்வின் கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருந்தது: 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பீர்கள்?' பெண்கள் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்றார்கள். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் குறைவு என்று கேட்க அதில் இடமே இல்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கம் நேரடி விதைப்பு கூடிவிட்டதால் நடவு வேலை குறைந்துவிட்டது. நடவு வேலை தேடிப் பெண்கள் விடிவதற்கு முன்பே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏறித் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் போகிறார்கள். தெரியாத ஊர், பரந்த வயல், ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. பகல் முழுக்கச் சிறுநீரை அடக்க வேண்டியிருப்பதால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. நான் நடவுக்குப் போன காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். வெயிலையும் உப்புத் தண்ணீரையும் பூச்சிமருந்தையும் அளக்கிறீர்கள், அளக்கத்தான் வேண்டும். மறைவு இல்லாததை யார் அளப்பது?

இதை வயல்காரர் காதுபட யாரும் சொல்லவும் மாட்டார்கள். கீழ்வெண்மணி எங்களுக்குத் தூரமில்லை. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட மண் இது. காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் யார் முன்னால் எதைப் பேசலாம் என்ற கணக்கு எங்கள் வயதுப் பெண்களின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. நீங்களோ ஊருக்குள் வந்ததும் முதலில் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அனுமதி கேட்கிறீர்கள். அங்கேயே பாதிப் பதில்கள் மாறிவிடுகின்றன. ஊர்த் தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே சொல்கின்றன. ஒரு பயிற்சி வகுப்பில் அதைப் படித்துக் காட்டினார்கள், குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சம்மதப் படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பக்கம் அச்சடித்து, கடைசியில் கைநாட்டு கேட்கிறீர்கள். குழுக் கடன் வாங்கி, எதில் கைநாட்டு வைத்தோம் என்று தெரியாமல் தவித்த பெண்கள் அவர்கள். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ரேஷனும் நூறு நாள் வேலையும் நிற்காது என்று சொல்லுங்கள். ஒரு ராத்திரி யோசிக்க விடுங்கள், மறுநாள் உங்களோடு நானும் வருகிறேன்.

நேரம் இன்னொன்று. உங்கள் வண்டி பதினொரு மணிக்கு வருகிறது. அப்போது வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் வேலைக்குப் போகத் தேவையில்லாதவர்களும்தான். இருக்கிற நோயெல்லாம் நடவு வயலில் குனிந்து நிற்கிறது, கதவு பூட்டியிருந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். என் அம்மா காலத்தில் யானைக்கால் நோய்க்கு ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பார்களாம், அந்தக் கிருமி ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால். தூக்கத்தில் எழுப்பி விரலில் குத்தியதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கிருமி வரும் நேரம் பார்த்து வர முடிந்தவர்களால், மனிதர்கள் வீட்டிலிருக்கும் நேரம் பார்த்தும் வர முடியும்.

பேச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஏதேனும் நோய் உள்ளதா?' என்றால் எங்கள் பெண்கள் இல்லை என்பார்கள். கிறுகிறுப்பு, கை கால் ஓய்ச்சல், அடிவயிறு இறங்கினாற்போல இருப்பது, இவையெல்லாம் அவர்கள் கணக்கில் நோயில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று வந்தது. அந்த ரத்தசோகைக்கு எங்கள் தெருவில் பெயர் அசதி. கேள்வித்தாளைத் தமிழாக்கி முடித்த பிறகு எங்களிடம் கொடுக்காதீர்கள், எழுதும்போதே கூட உட்காரவையுங்கள்.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மேற்படிப்பு படிக்கும் ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். முதல் ஒரு வாரம் தாளையே எடுக்கவில்லை. விடியற்காலையில் எங்களோடு வண்டியேறி வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கதையை அவரிடம்தான் பெண்கள் முதலில் வாய்திறந்து சொன்னார்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு அமாவாசை நாளில், வேலையில்லாத நாளாகப் பார்த்து, மாரியம்மன் கோயில் வாசலில் கோலமாவால் எங்கள் தெருவை வரைந்தார். யார் வீடு என்று காட்டாமல், எத்தனை பேருக்கு என்ன இருக்கிறது என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டினார். தனித்தனி முடிவை மூடிய உறையில் கொடுத்தார். எட்டு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே கூட்டிப்போனார். அடுத்த நடவுக்கு எங்கள் பெண்கள் தார்ப்பாய் ஒன்றையும் நான்கு கம்புகளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். போன வயலில் எல்லாம் அதைக் கட்டி மறைவு செய்துகொள்கிறார்கள். இப்போது தண்ணீர்ப் பாட்டிலும் கூடவே போகிறது.

எங்களிடமும் குறை உண்டு. நான் காலனித் தெருக்காரி. குடியானத் தெருவில் என்னிடம் எல்லாம் சொல்ல மாட்டார்கள், மீனவர் குப்பத்தில் நான் அந்நியம். ஊருக்கு ஒரு இணைப்பாளர் என்று கணக்குப் போடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் வேண்டும். தெரிந்தவளிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயமும் நியாயமானது. ரகசியம் காக்க எங்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுங்கள். நடவுக் கூலிக்குக் குறையாத ஊதியமும் கொடுங்கள், ரத்தம் கொடுக்க வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் அன்றைய கூலியைக் கொடுங்கள். சோப்பு டப்பா வேண்டாம்.

நெறிமுறைக் குழுக்களில் இருப்பவர்களே, உங்கள் குழுவில் மருத்துவம் சாராத பொது நபர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் ஒரு முறையாவது நடவுக்குப் போகிற பெண்ணை உட்காரவையுங்கள். முடிவை யார், எந்தத் தேதியில், எந்தத் தெருவில் வந்து சொல்வார் என்று எழுதாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் வந்து பேசுங்கள், அது தீர்மானமாகப் பதிவாகும். ஆனால் முதலில் காலனியில் சொல்லிவிட்டு அங்கே போங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எங்கள் வாசலுக்கே வருகின்றன, கொண்டுவருவது பக்கத்துத் தெருப் பெண். மாத்திரை வருகிற வழியில் முடிவும் வர முடியும்.

அந்த 62 பேரின் பெயர், வயது, ரத்தம் எடுத்த தேதி, டப்பாவில் ஒட்டிய எண் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கஜா புயலில் வீட்டு ஓடு பறந்து பட்ட பாடு மறக்கவில்லை, அதனால் நோட்டைப் பாலிதீன் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அந்த 62 பேரில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மற்ற 59 பேரின் முடிவு உங்களில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மார்கழிக்குள் வாருங்கள், தை பிறந்தால் அறுப்புக்குப் போய்விடுவார்கள். எண்ணைச் சொல்லுங்கள், எந்த வீடு என்று நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்வே அக்கா
தலைஞாயிறு வட்டாரம், நாகப்பட்டினம் மாவட்டம்