முட்டை என்றால் அபிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பேசும்போது மாடிப்படி ஏறிக்கொண்டே என்ன மந்திரம் முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டாயே, அது மந்திரம் இல்லை, இங்கே உகாண்டாவில் பேசுகிற லுகாண்டா மொழியில் ஒன்று, இரண்டு. வீட்டுக்குப் பதினெட்டுப் படி, தினம் எண்ணிக்கொண்டே ஏறுகிறேன். கம்பாலாவில் மூன்று வருடம் இங்கிலீஷை வைத்தே ஓட்டிவிட்டேன். மார்க்கெட்டிலும் அது ஓடும்தான், விலை மட்டும் கொஞ்சம் கூட இருக்கும். நீ அடுத்த மாதம் வருவதற்குள் பத்து வரைக்குமாவது கற்றுக்கொண்டு வா.

எமு, ப்பிரி, ஸ்ஸட்டு, ஞ்ஞா, ட்டானோ. இது ஐந்து வரை. அப்புறம் முக்காகா, முஸன்வு, முனானா, ம்வெண்டா, க்குமி. ஆரம்பத்திலேயே மெய்யெழுத்து நிற்கிறதே என்று பார்க்காதே, நம் இலக்கணம் அதை ஒத்துக்கொள்ளாது, இவர்கள் வாய் அப்படித்தான். ப்பிரி சொல்வதற்கு முன்னால் உதட்டை மூடி ஒரு கணம் பிடித்து வைத்துவிட்டு விடணும், அந்த ‘ப’வும் பஸ்ஸில் வருகிற ‘ப’. எங்கள் தெருமுனையில் ரோலெக்ஸ் போடுகிற அம்மாதான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். ரோலெக்ஸ் என்றால் கைக்கடிகாரம் இல்லை. முட்டையை வெங்காயம் தக்காளியோடு அடித்துக் கல்லில் ஊற்றி, சப்பாத்தியில் சுருட்டித் தருவார்கள், ‘ரோல்டு எக்ஸ்’ என்பதுதான் அப்படி ஆகிவிட்டது.

அவரிடம் ஒரு நாள் பெருமையாக இரண்டு முட்டை என்று கேட்பதாக நினைத்து, ‘அமகி ப்பிரி’ என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘அபிரி’ என்றார். சரி, அபிரி என்று பாடம் பண்ணிக்கொண்டு, மறுநாள் இரண்டு சப்பாத்திக்கும் அபிரி என்றேன். இல்லையாம், சப்பாத்திக்கு ப்பிரியாம்! பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

விஷயம் இதுதான். இங்கே பெயர்ச்சொற்களுக்கு வகுப்பு உண்டு, பத்துக்கு மேலே, எண் அந்த வகுப்புக்குத் தகுந்தபடி தலையை மாற்றிக்கொள்ளும். இரண்டு ஆள் என்றால் பபிரி, இரண்டு புத்தகம் என்றால் பிபிரி, இரண்டு பிரெட் என்றால் எபிரி, இரண்டு முட்டை அபிரி. பார்த்தால் நமக்கும் புதிது இல்லை, இருவர் வந்தார்கள் என்கிறோம், மாட்டைப் போய் இருவர் என்போமா? நாம் ஆளோடு நிறுத்திக்கொண்டோம், இவர்கள் முட்டை, மரம் எதையும் விடவில்லை. ஆளைச் சொன்னால் முகாண்டா, பல பேர் என்றால் பகாண்டா, நாடு புகாண்டா, பேச்சு லுகாண்டா என்று எல்லாமே தலை மாறுவதுதான்.

ஆனால் இந்தத் தொல்லை ஐந்தோடு சரி. ஆறிலிருந்து பத்து வரை எதற்கும் மாறாது, ஆள் ஆறு பேரும் முக்காகா, முட்டை ஆறும் முக்காகா. இது தெரிந்ததும் இரண்டு மாதம் நான் முட்டையை ஆறு ஆறாகத்தான் வாங்கினேன். அம்மாவிடம் சொல்லாதே, கொலஸ்ட்ரால் என்று ஆரம்பித்துவிடுவாள்.

பெரிய எண்களில் ஒரு அழகு இருக்கிறது. பத்து க்குமி, நூறு கிக்குமி, ஆயிரம் லுக்குமி. எட்டு முனானா, எண்பது கினானா, எண்ணூறு லுனானா. வேர் அப்படியே இருக்க, தலை மட்டும் மாறினால் மதிப்பு பத்து மடங்கு ஏறிவிடுகிறது. பணத்துக்கு லுக்குமிதான் அதிகம் காதில் விழும், ஷில்லிங்கில் எல்லாமே ஆயிரக்கணக்கு. பத்தாயிரத்துக்கு ஒமுட்வாலோ என்று தனிப் பெயரே உண்டு. விலை கேட்க, ‘ஸ்ஸென்ட்டே ம்மெக்கா?’ என்று கேள். முன்னால் ஒரு ‘ஞ்ஞாபோ’ சேர்த்துக்கொள், அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது.

இன்னொன்று, மணி. குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் ‘ஸ்ஸாவா ப்பிரி’ என்றார், எனக்குத்தான் ப்பிரி தெரியுமே, மதியம் இரண்டு என்று எடுத்துக்கொண்டு காலையில் கடைக்குப் போய்விட்டேன். அவர் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இங்கே பகலின் முதல் மணி ஏழு, எட்டு என்றால் இரண்டாவது, உச்சிப்பொழுது பன்னிரண்டு ஆறாவது மணி. பூமத்திய ரேகை பக்கத்திலேயே இருப்பதால் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், அதனால் இந்தக் கணக்கு இடிக்கவே இடிக்காது. உன் தாத்தா சூரியன் உதித்ததிலிருந்து நாழிகை எண்ணுவாரே, அவரை இங்கே கூட்டி வந்திருந்தால் முதல் நாளே பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு மூன்று வாரம் குழாய் சொட்டியது.

கிழமையிலும் எண்தான், செவ்வாய் ல்வாக்குபிரி, சனி ல்வாமுக்காகா. அது வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன் விமானம் எண்டெபேயில் மதியம் மூன்று மணிக்கு இறங்குகிறது. டிரைவரிடம் ஸ்ஸாவா ம்வெண்டா என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாம்பார் பொடி இரண்டு பாக்கெட் போதும்.

அப்பா