தகடு மஞ்சளாவது பழுதல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக ஜெர்மனியின் லாங்கே நிறுவனக் கைக்கடிகாரத்தோடு வருகிற பலரிடமும் ஒரே கவலையைக் கேட்கிறோம். "வாங்கியபோது பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இயந்திரத்தை மூடியிருக்கும் தகடு வெள்ளையாகத் தெரிந்தது, இப்போது மஞ்சள் தட்டிவிட்டது, பாலிஷ் போட்டுக் கொடுங்கள்" என்கிறார்கள். முடியாது என்றுதான் சொல்லி அனுப்புகிறோம். பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலையை ஒரு கடை மறுத்தால், காரணத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் இந்த மடல்.

அந்தத் தகடு ஜெர்மன் சில்வரால் ஆனது. பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம். பல கடிகாரங்களில் தகடு பித்தளையாக இருக்கும், அதன்மேல் ரோடியம் என்ற மங்காத வெள்ளை உலோகத்தால் முலாம் பூசியிருப்பார்கள். லாங்கே தயாராகும் அதே கிளாஸ்ஹூட்டே ஊரிலிருந்து வரும் நோமோஸ் நிறுவனக் கடிகாரத்தின் தகட்டுக்கும் ரோடியம் முலாம்தான், அதனால் அதன் நிறம் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். லாங்கேயில் தகட்டுக்கு முலாமே கிடையாது. வெறும் உலோகம் காற்று படப்பட வைக்கோல் நிறத்துக்கு வரும், அப்புறம் மெல்லத் தேன் நிறத்துக்குப் போகும். இப்படிப் படியும் மெல்லிய படலம் அடியில் உள்ள உலோகத்துக்குக் காவலும்கூட. பாலிஷ் போட்டால் அந்தப் படலம் மட்டுமா போகும்? தகட்டின் மேல் இழைத்த வரிகளும் சாய்த்துத் தேய்த்த விளிம்புகளும் சேர்ந்தே மழுங்கும். நிறம் மறுபடியும் மஞ்சளாகிவிடும். மழுங்கிய விளிம்பு திரும்பி வராது.

முலாம் இல்லாத உலோகம் தொட்டதை மறக்காது. ஒருமுறை, வேறு எங்கோ திறந்து பார்த்த கடிகாரம் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. லூப்பை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியை, கண்ணில் வைத்துப் பார்த்தால், தகட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. வியர்வை உலோகத்தை அரித்து உள்ளே இறங்கியிருந்தது. அன்று எங்களுக்கு நிஜமாகவே மனது வலித்தது. விரலுறை போடாமல் இந்தக் கடிகாரத்தைத் திறக்க யாரையும் விடாதீர்கள். இந்த மடலில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

அந்தத் தகட்டுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றும் சொல்கிறோம். டிரெஸ்டனுக்குத் தெற்கே உள்ள கிளாஸ்ஹூட்டேயில் ஃபெர்டினான்ட் அடால்ஃப் லாங்கே பட்டறை தொடங்கிய ஆண்டு 1845. சக்கரங்களைப் பாலங்கள் எனப்படும் தனித்தனி உலோகத் துண்டுகளால் பிடிப்பதற்குப் பதில், முக்கால் பங்கு இயந்திரத்தை ஒரே தகட்டால் மூடும் முறைக்கு 1864-இல் வந்து சேர்ந்தார். சக்கரங்கள் அசையாமல் நேராக நிற்கும். ஆனால் மாட்டுகிறவருக்கு அது பெரும்பாடு. தகட்டை இறக்கும்போது எல்லாச் சக்கரங்களின் ஊசிமுனை அச்சுகளும் ஒரே நேரத்தில் அவற்றைத் தாங்கும் தத்தம் கல்லின் துளையில் போய் உட்கார வேண்டும். ஒன்று விலகியிருக்கும்போது அழுத்திவிட்டால் அச்சு ஒடியும்.

லாங்கேயில் இந்த வேலையை இரண்டு முறை செய்கிறார்கள். முதலில் முழுவதும் மாட்டி, ஓட விட்டு, நேரத்தைச் சரிசெய்கிறார்கள். பிறகு மொத்தமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, மெருகு வேலையை முடித்து, மறுபடி மாட்டுகிறார்கள். சூட்டில் நீலமேற்றிய திருகுகள் இந்த இரண்டாவது சுற்றில்தான் உள்ளே போகின்றன. அந்த நீலம் சாயம் அல்ல. எஃகைச் சுமார் 300 டிகிரி வரை சூடாக்கும்போது வைக்கோல், பழுப்பு, ஊதா என்று நிறம் ஏறி நீலத்துக்கு வரும் நொடியில் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் நீலம் வெளுத்துவிடும். இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சிறு துண்டில் இருக்கும் பூவேலையும் கையால் செதுக்கியதே. அதனால் உங்கள் கடிகாரத்தில் இருக்கும் பூ வேறொன்றில் அச்சு அசலாக இருக்காது.

இந்தத் தொழில் நடுவில் அறுந்தும் போனது. 1945 மே 8 அன்று குண்டுவீச்சில் பட்டறை நாசமானது. 1948-இல், சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், நிறுவனம் அரசுடைமையாக்கப்பட்டது. நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990 டிசம்பரில் மறுபடி பதிவு செய்தார், 1994-இல் முதல் நான்கு கடிகாரங்கள் வெளிவந்தன.

சரி, அன்றாடப் பழக்கத்துக்கு வருவோம். கையால் சாவி கொடுக்கும் கடிகாரம் என்றால், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் அழுத்தப்படும். விரலில் இறுக்கம் தட்டியதும் நிறுத்திவிடுங்கள். லாங்கேயின் சாக்ஸோனியா தின் போன்ற மாடல்கள் முழுச் சாவியில் 72 மணி நேரம் ஓடும். சாக்ஸோனியா தின் இயந்திரத்தின் தடிமன் 2.9 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வியப்பு.

நாளுக்குச் சில விநாடி முன்பின் ஆவது இயல்பு. திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். போன் உறையிலும் பை மூடியிலும் இருக்கும் காந்தமே போதும், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பயப்படாமல் கொண்டு வாருங்கள், காந்தத்தை எடுக்கச் சில விநாடிகள் போதும்.

இனி நீங்கள் சர்வீஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லாங்கேயின் ரசீதிலும் "தகட்டுக்குப் பாலிஷ் இல்லை" என்று எழுதித் தருவோம். திறப்பதற்கு முன்பும் மூடுவதற்கு முன்பும் தகட்டைப் படம் எடுத்து, இரண்டையும் உங்களிடம் கொடுப்போம். வாங்க வரும்போது சற்று நேரம் ஒதுக்கி வாருங்கள். எங்கள் லூப்பில் உங்கள் கடிகாரத்தின் பூவேலையை நீங்களே பார்க்கலாம்.

அன்புடன்,
பழுதுபார்க்கும் மேசையிலிருந்து